மூன்று டயர், மூன்று வேலை

போளூரில் ஓடும் ஆட்டோவுக்கு இரண்டு விதமான சாலைகள் வாய்க்கின்றன. ஒன்று, வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே போகும் சமவெளிச் சாலை. நேரான தார்ச்சாலை, வேகம் கூடும், மே மாதத்தில் கொதிக்கும். இன்னொன்று, மேற்கே ஜவ்வாது மலையில் ஏறி ஜமுனாமரத்தூர் போகும் பாதை. வளைவுக்கு வளைவு பிரேக், மழைக்காலத்தில் ஓரத்து மண் கரைந்து சாலைக்கு வரும், சரளைக்கல் சிதறிக் கிடக்கும். பயணிகள் ஆட்டோ, சாமை மூட்டையும் புளியும் பலாவும் ஏற்றும் லோடு ஆட்டோ என்று எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு சாலைகளையும் அதே மூன்று டயர்களில்தான் ஓடிக் கடக்க வேண்டும்.

டயர் மொட்டையாகிப் போனதும் கடையில் முதலில் எழும் கேள்வி, “எவ்வளவு?” அது நியாயமான கேள்விதான். நாள் வருமானத்தில் வாழும் ஒருவருக்கு டயர் பெரிய செலவு. ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த டயர் வண்டியின் எந்த மூலையில், என்ன வேலை செய்யப் போகிறது? மூன்று சக்கர வண்டியில் மூன்று டயருக்கும் அளவு ஒன்றுதான். வேலை ஒன்றல்ல. டயர் தேர்வின் அறிவியல் முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

சின்னச் சக்கரத்தின் பரம்பரை

நம் ஊர் ஆட்டோக்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவு 4.00-8. டயரின் அகலம் சுமார் 4 அங்குலம். அது உட்காரும் ரிம்மின் விட்டம் 8 அங்குலம். இந்தச் சின்னச் சக்கரம் இத்தாலியிலிருந்து வந்த சொத்து. பியாஜியோ நிறுவனம் 1946-ல் வெஸ்பா ஸ்கூட்டரை 8 அங்குல ரிம்மில் வெளியிட்டது. 1948-ல் அதே ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் இரண்டு சக்கரங்களை வைத்து ‘ஆபே’ என்ற சுமை வண்டியைச் செய்தது. வடிவமைத்தவர் விமானப் பொறியாளரான கொர்ராதினோ தஸ்கானியோ. இந்தியாவில் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளைத் தயாரிக்க பஜாஜ் நிறுவனம் 1959-ல் உரிமம் பெற்றது. அந்த ஸ்கூட்டர் பரம்பரையின் சக்கரமே இன்றுவரை நம் தெருக்களில் உருள்கிறது.

சக்கரம் சிறிதாக இருப்பதால் வண்டி தாழ்வாக நிற்கிறது, குறுகிய தெருவில் திரும்புகிறது. ஆனால் அதற்கு டயர் ஒரு விலை கொடுக்கிறது. 4.00-8 டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 41 செ.மீ.; சுற்றளவு 1.3 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓட அது சுமார் 770 முறை சுழல வேண்டும். 20 அங்குல ரிம் கொண்ட லாரி டயருக்கு அதே தூரத்துக்கு 300 சுற்றுகளே போதும். ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும்போது நசுங்கி, விட்டதும் நிமிர்கிறது. நாளைக்கு 100 கி.மீ. ஓடும் ஆட்டோவில் இந்த நசுங்கலும் நிமிர்தலும் 77,000 முறை நடக்கின்றன.

நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு ரப்பருக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. உருளும் டயர் வண்டியைப் பின்னால் இழுப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். இந்த இழுவையை வண்டி எடையின் 0.018 பங்கு என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். வண்டி, ஓட்டுநர், பயணிகள், சுமை எல்லாம் சேர்ந்து 650 கிலோ. 35 கி.மீ. ஓடும்போது டயர்கள் விழுங்கும் ஆற்றல் சுமார் 40 லட்சம் ஜூல். அதே வண்டியை 600 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையானது 38 லட்சம் ஜூல். மலையேற எரியும் பெட்ரோல் ஏற்றத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. டயருக்காக எரியும் அதே அளவு பெட்ரோல் யார் கண்ணிலும் படுவதில்லை. காற்று குறைந்தால் இந்த இரண்டாவது செலவு இன்னும் ஏறும்.

சுமப்பது காற்று

டயர் சுமக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலான சுமையைத் தாங்குவது உள்ளே அடைத்த காற்று. டயர் அந்தக் காற்றைக் கட்டி வைக்கும் பை. 650 கிலோவை மூன்றாகப் பிரித்தால் ஒரு டயருக்குச் சராசரி 217 கிலோ. காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ., அதாவது சதுர செ.மீ.க்கு 2.1 கிலோ என்றால், அந்தச் சுமையைத் தாங்க டயர் தரையில் ஏறக்குறைய 103 சதுர செ.மீ. பரப்பைப் பதிக்க வேண்டும். காற்று 20 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் அதே சுமைக்கு 155 சதுர செ.மீ. வேண்டும். அந்தக் கூடுதல் பரப்புக்காக டயர் இன்னும் கீழே அமுங்குகிறது, பக்கச் சுவர் புடைக்கிறது, வளைவு கூடுகிறது, வெப்பம் ஏறுகிறது. பஞ்சரே ஆகாமல் பக்கச் சுவர் வெடித்துப் போகும் பல டயர்களின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எத்தனை பி.எஸ்.ஐ. வேண்டும் என்பதை வண்டியோடு வந்த கையேடு சொல்லும். முன்னுக்கும் பின்னுக்கும் அது தனித்தனி எண் தந்தால் அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். அந்த எண் ஆறிய டயருக்கானது. 30 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. இருந்த டயர் ஓடிச் சூடாகி 60 டிகிரியை எட்டினால் அழுத்தம் 34-க்கு மேல் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் தளர்ந்து கிடக்கும்.

மலைக்குப் போனால் காற்றை மாற்ற வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. 600 மீட்டர் ஏறும்போது வெளியே வளிமண்டல அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறைகிறது, அளவுமானி அந்த அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். அதே உயரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 4 டிகிரி குறைவதால் உள்ளே அழுத்தம் 0.6 பி.எஸ்.ஐ. இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு சரிசெய்துகொள்கின்றன. போளூரில் காலையில் சரியாக அடித்த காற்று ஜமுனாமரத்தூரிலும் சரியான காற்றுதான். மாற்ற வேண்டியது சுமை கூடும்போது, உயரத்துக்காக அல்ல.

இறக்கத்தின் சூடு

ஏற்றத்தில் இன்ஜின் உழைக்கிறது. இறக்கத்தில் பிரேக்கும் டயரும் உழைக்கின்றன. 600 மீட்டர் ஏறியபோது சேர்த்துவைத்த 38 லட்சம் ஜூலையும் இறங்கும்போது எங்காவது கழித்தாக வேண்டும். 13 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. குறைந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் டயர் இழுவைக்கும் காற்றுத் தடைக்கும் போக மீதி முழுவதும் பிரேக் டிரம்முக்குள் போகும். 8 அங்குல ரிம்முக்குள் டிரம் அடைந்து கிடப்பதால் அந்தச் சூடு ரிம் வழியாக டயரின் விளிம்புக்கும், டியூபுக்கும், வால்வின் அடிக்கும் ஏறுகிறது. பழைய டியூபில் வால்வைச் சுற்றி ஒட்டு விட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். புது டயருக்குப் பழைய டியூபைப் போடுவது மலைப்பாதை வண்டிக்கு ஆகாத சிக்கனம். பழைய டியூப் விரிந்து பெரிதாகியிருக்கும். புது டயருக்குள் அது மடிந்து உட்காரும். அந்த மடிப்பு தேய்ந்துகொண்டே இருந்து ஒருநாள் கிழியும்.

முக்கோணத்தின் கணக்கு

நான்கு சக்கர வண்டி ஒரு செவ்வகத்தின் மேல் நிற்கிறது. ஆட்டோ ஒரு முக்கோணத்தின் மேல் நிற்கிறது. முன் சக்கரத்தையும் ஒரு பின் சக்கரத்தையும் சேர்த்துக் கோடு போட்டால், வளைவில் வண்டி கவிழ்வது அந்தக் கோட்டின் மேல்தான். முன்னுக்கும் பின்னுக்கும் 2 மீட்டர், பின் சக்கரங்களுக்கு நடுவே 1.15 மீட்டர், எடையின் மையம் முன் சக்கரத்திலிருந்து 1.3 மீட்டர் பின்னாலும் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும் இருக்கும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை மையத்திலிருந்து அந்தக் கவிழ்கோடு 36 செ.மீ. தள்ளி இருக்கும். 36-ஐ 60-ஆல் வகுத்தால் 0.6. பக்கவாட்டு விசை எடையின் 0.6 பங்கைத் தொட்டதும் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும். 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் இது மணிக்கு சுமார் 34 கி.மீ. வேகம். கூரை மேல் சுமை ஏற்றி எடை மையம் 70 செ.மீ.க்கு உயர்ந்தால் எல்லை 31 கி.மீ. அளவுக்கு இறங்கும். வளைவிலேயே பிரேக்கும் பிடித்தால் எடை முன்னால், முக்கோணம் குறுகும் பக்கமாகச் சரியும். கூரைச் சுமை இல்லாத வண்டிக்கே எல்லை 30-ஐ ஒட்டி வந்துவிடும்.

காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் பிடிப்பு எடையில் 0.7 பங்கு அல்லது அதற்கும் மேல் இருக்கும். கவிழ்வதற்கான எல்லை 0.6. ஆகவே காய்ந்த சாலையில் ஆட்டோ வழுக்குவதற்கு முன்பே கவிழும். இதிலிருந்து கிடைக்கும் பாடத்தை டயர் வாங்கும் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டும்: அதிகப் பிடிப்புள்ள டயரோ அகலமான டயரோ வளைவில் வேகமாகப் போக உரிமை தருவதில்லை. வேகத்தின் எல்லையை முக்கோணம்தான் வகுக்கிறது. சொல்லப்போனால், கையேட்டில் உள்ள அளவைவிடப் பெரிய டயரைப் போட்டால் வண்டி உயர்ந்து அந்த எல்லை இன்னும் கீழே வரும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. நின்றிருக்கும்போது முன் டயர் மீது 227 கிலோ, பின் டயர்கள் மீது தலா 211 கிலோ என்று ஏறக்குறைய சமமாகவே சுமை பிரிகிறது. வண்டி ஓடும்போது அந்தச் சமத்துவம் போய்விடுகிறது. அழுத்திப் பிரேக் பிடித்தால் முன் டயரின் சுமை 305 கிலோவுக்கு ஏறும். வளைவின் எல்லையில் வெளிப்பக்கப் பின் டயர் ஒன்றே 420 கிலோவைத் தாங்கும். பள்ளத்தில் இறங்கினால் இவை இன்னும் கூடும். கார் பள்ளத்தை இரு சக்கரங்களுக்கு நடுவே விட்டுத் தாண்டலாம். ஆட்டோவுக்கு இடதில் ஒரு தடம், வலதில் ஒரு தடம், நடுவிலும் ஒரு தடம். ஒன்று தப்பினால் இன்னொன்று விழும்.

முன்னால் இருப்பது தனி ஆள்

பின்னால் இரண்டு டயர்கள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. முன்னால் இருப்பதற்குத் துணை கிடையாது. திருப்புவது முழுவதும் அதன் பொறுப்பு, அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது எந்த ஒரு பின் டயரைவிடவும் அதிகச் சுமையும் அதன் மேல்தான். பின் டயர் வெடித்தால் வண்டி ஒரு பக்கம் சாயும், இழுக்கும். ஆனாலும் ஹேண்டில் கையில் இருக்கும். முன் டயர் வெடித்தால் ஹேண்டிலே பேச்சைக் கேட்காது. ஆகவே கையில் உள்ள நல்ல டயர் முன்னால்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்னால் தேய்ந்ததை முன்னால் தள்ளிவிட்டுப் புதியதைப் பின்னால் போடுவது, இழுவை போதவில்லை என்ற கவலையில் செய்யப்படுவது. அந்தக் கவலைக்குப் பதில், பின் சக்கரங்களுக்கு ஒரு ஜோடிப் புது டயர்தான். ரீட்ரேட் செய்த டயரை எந்தக் காரணத்துக்காகவும் முன்னால் மாட்டக் கூடாது.

பின்னால் போடும் இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம் கொண்டவையாக இருக்க வேண்டும். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றால் இரண்டின் சுற்றளவும் வேறுபடும். நேர்ச்சாலையிலும் டிஃபரன்ஷியல் ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். ஈரத்தில் பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் முதலில் வழுக்கும்.

டயரின் குறுக்குவெட்டு வடிவமும் கவனிக்க வேண்டியது. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்கிறது. அதனால் அதன் டயர் உருண்டையான முகம் கொண்டது. ஆட்டோ சாய்வதில்லை, அதற்குத் தட்டையான முகம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்காகப் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களில் இந்த முரண்பாடு தெளிவாகத் தெரியும். ஸ்கூட்டரின் உருண்டை டயர் சாய முடியாமல் நிமிர்ந்தே ஓடுவதால், நடுவே ஒரு பட்டை மட்டும் தேய்ந்து ஓரங்கள் புதிதாகவே நிற்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஓரத்தைப் பார்த்து டயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. நடுவைப் பார்க்க வேண்டும்.

டயர் முகத்தில் பள்ளங்கள் எதற்கு?

டயர் முகத்தில் நீளவாக்கில் ஓடும் கோடுகள் எளிதாக உருளும், திசை பிடிக்கும், குறைவாகச் சூடேறும். குறுக்கே வெட்டிய கட்டைகள் சேற்றிலும் சரளையிலும் பற்றும். ஆனால் தார்ச்சாலையில் இரைச்சலும் தேய்மானமும் கூடும். நகரத்துக்குள்ளும் திருவண்ணாமலைச் சாலையிலும் ஓடும் பயணிகள் ஆட்டோவுக்கு மூன்றிலும் நீளக்கோட்டு டயர் போதும். மலைக்கிராமங்களுக்குள் மண்பாதையில் போகும் லோடு ஆட்டோவுக்கு முன்னால் நீளக்கோடும் பின்னால் கட்டை டயரும் பொருந்தும்.

மழையில் தண்ணீர் மேல் டயர் மிதந்து பிடிப்பை இழப்பது காருக்கு உரிய ஆபத்து. 1960-களில் அமெரிக்காவின் நாசா ஆய்வுகளில் பிறந்த சூத்திரப்படி, 30 பி.எஸ்.ஐ. டயர் முழுவதுமாக மிதக்க மணிக்கு 90 கி.மீ. வேகம் வேண்டும். ஆட்டோ வழுக்குவது வேறு காரணத்தால். முதல் மழையில் எண்ணெயும் தூசியும் தண்ணீரும் குழைந்து மெல்லிய பூச்சாகச் சாலையில் படிகின்றன. அந்தப் பூச்சைப் பிழிந்து வெளியேற்றத்தான் பள்ளங்கள். மொட்டை டயருக்கு அதை அனுப்ப வழியில்லை. மூன்று சக்கர வண்டிக்குக் குறைந்தது 0.8 மி.மீ. பள்ளம் இருக்க வேண்டும் என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். பள்ளத்துக்குள் சிறு மேடாக ஒரு தேய்மான அடையாளம் இருக்கும். பக்கச் சுவரில் அதன் இடத்தைச் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ காட்டும். டயர் முகம் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது.

ரப்பரும் நூலும்

டயர் ரப்பரில் இயற்கை ரப்பர் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் அது கன்னியாகுமரி மாவட்டத்தில் விளைகிறது. இயற்கை ரப்பர் குறைவாகச் சூடேறும், கிழிசலைத் தாங்கும். செயற்கை ரப்பர் ஈரத்தில் பிடிப்புத் தரும். சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்ட வழியில் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றியதும் ரப்பர் உருகாத, உடையாத பொருளாகிறது. கரித்தூள் சேர்ந்ததும் தேய்மானம் பல மடங்கு குறைகிறது. டயரின் கறுப்பு அந்தக் கரித்தூளின் நிறம். டியூபில் இருப்பது பியூட்டைல் ரப்பர். காற்றை எளிதில் கசியவிடாது என்பதால் அதற்கு அந்த வேலை.

உள்ளே வலிமை தருவது நைலான் நூல். ஆட்டோ டயர்களில் பெரும்பாலும் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து செல்லும். இத்தகைய டயரின் பக்கச் சுவர் தடித்தது, கல் குத்தலைத் தாங்கும், விலையும் குறைவு. ரேடியல் டயரில் நூல் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும். அது குளுமையாக ஓடும், எரிபொருள் மிச்சம், ஆனால் பக்கச் சுவர் மெலிது. சமவெளியில் நாள் முழுவதும் ஓடும் வண்டிக்கு ரேடியல் பலன் தரும். சரளைப் பாதை வண்டிக்குக் குறுக்கு நூலே நல்லது. எதுவானாலும் இரண்டு பின் சக்கரங்களில் ஒன்றுக்கு ஒரு வகை, மற்றதற்கு இன்னொரு வகை என்று கலந்து மாட்டக் கூடாது.

பக்கச் சுவரைப் படிப்பது

தேவையான தகவல் அனைத்தும் டயரின் பக்கச் சுவரிலேயே அச்சாகியிருக்கும். முதலில் அளவு. அடுத்தது 4 பி.ஆர்., 6 பி.ஆர். போன்ற எண், பருத்தி நூல் காலத்து அடுக்குக் கணக்கில் வலிமையைச் சொல்லும் குறி அது. இன்றைய நைலான் டயரில் உண்மையான அடுக்குகள் அதைவிடக் குறைவாக இருக்கலாம். பிறகு சுமை எண்ணும் வேக எழுத்தும். சுமை எண் 71 என்றால் 345 கிலோ, 76 என்றால் 400 கிலோ. வேக எழுத்து ‘ஈ’ என்றால் மணிக்கு 70 கி.மீ., ‘ஜே’ என்றால் 100 கி.மீ. வளைவில் ஒரே டயர் 420 கிலோவை எட்டிப்பார்க்கும் என்று மேலே கண்டோம். நொடி நேரச் சுமையைத் தாங்க எல்லா டயரிலும் இடம் விட்டுத்தான் செய்கிறார்கள்; ஆனாலும் கையேடு சொல்வதைவிடக் குறைந்த சுமை எண்ணுக்கு இறங்குவது அந்த இடத்தைத் தின்றுவிடும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 15627 என்ற எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரு சக்கர, மூன்று சக்கர வண்டி டயர்களுக்கான இந்தியத் தர எண் அது. கடைசியாக, நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஓடாமல் கிடந்தாலும் டயர் மூப்படையும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் சங்கிலிகளை அறுக்கின்றன. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. கடை வாசலில் வெயிலில் தொங்கும் டயரைவிட உள்ளே நிழலில் அடுக்கிய டயரைக் கேட்டு வாங்குவதற்கு இதுதான் காரணம்.

மாட்டும்போது

ஸ்கூட்டர் பரம்பரை ஆட்டோ ரிம் இரண்டு பாதிகளாகப் பிரியும், நட்டுகளால் இணைத்திருப்பார்கள். டயரை மாற்றச் சுலபமான அமைப்பு. ஆனால் காற்று இருக்கும்போது அந்தப் பாதிகளை இணைக்கும் நட்டைக் கழற்றினால், டயரின் காற்று இரண்டு பாதிகளையும் பிளந்து வீசும். கையும் முகமும் அதன் எதிரே இருக்கும். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் போனபின்பே அந்த நட்டைத் தொட வேண்டும். பிரியும் ரிம்மில் இணைப்பு வழியே காற்று கசியும் என்பதால் டியூப்லெஸ் டயர் அதற்குப் பொருந்தாது. அதற்கு ஒரே துண்டான ரிம் வேண்டும்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு சிறிது தூரம் ஓடும்வரை இருக்கும். அந்தத் தூரத்தை மலைப்பாதையில் ஓடிக் கழிக்காமல், ஊருக்குள் நிதானமாக ஓடிக் கழிப்பது நல்லது.

ஒருவர் இன்று ஒரே ஒரு டயர் வாங்க மட்டும் பணம் வைத்திருந்தால், அதை முன்னால் மாட்டட்டும். முன்னால் இருந்ததில் பள்ளம் மிச்சமிருந்தால் அது ஸ்டெப்னியாகட்டும். பின்னால் அடுத்த முறை ஜோடியாகவே மாற்றட்டும். சுமை எண்ணும் தயாரிப்புத் தேதியும் பார்த்த பிறகே விலை பேசட்டும். சின்னதாக ஒரு காற்று அளவுமானியைச் சீட்டுக்கு அடியில் போட்டுவைத்து, வண்டியை எடுக்கும் முன் காலையில் அளக்கட்டும். இவற்றில் எதற்கும் இன்ஜினீயர் பட்டம் வேண்டாம். பின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலை இறங்கும் ஓட்டுநருக்கு, எந்தப் பாடநூலைவிடவும் இந்த அறிவு முதலில் போய்ச் சேர வேண்டும்.